எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

2024 ஜனவரியில் வாங்கிய எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை மதுரைக்கு வெளியே உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும், ஆண்டிபட்டிக்கு மேற்கே பெரியப்பாவின் தென்னந்தோப்பிலும் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கிய வாரத்திலேயே மதிப்புரை எழுதியிருந்தால் அதில் பாதி தவறாக இருந்திருக்கும். அன்று குறை என்று நினைத்த சில, என் கண்ணின் பழக்கமின்மை என்று பிறகு தெரிந்தது. அன்று கண்ணில் படாத குறைகள் முதல் ஐப்பசி மழையில்தான் வெளிவந்தன. இவ்வகைத் தொலைநோக்கிகள் பல பெயர்களில் விற்கப்பட்டாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றேயாதலால், நான் வாங்கிய பெயரைக் குறிப்பிடாமல் கருவியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விலை, கண் வைத்துப் பார்க்கும் வில்லைகளான இரண்டு ஐபீஸ்களும் அனுப்பும் செலவும் சேர்த்து 52,000 ரூபாய். முதன்மை ஆடியின் விட்டம் 203 மில்லிமீட்டர், குவியத் தூரம் 1200 மில்லிமீட்டர். உடன் வந்த 25 மில்லிமீட்டர் ஐபீஸ் 48 மடங்கும், 10 மில்லிமீட்டர் ஐபீஸ் 120 மடங்கும் பெரிதாக்குகின்றன. இருட்டில் முழுதாக விரிந்த கண்மணி திரட்டும் ஒளியைப் போல் ஏறத்தாழ 800 மடங்கு ஒளியை இந்த ஆடி திரட்டுகிறது. குழாயும் மரப்பலகை அடித்தளமும் சேர்ந்து இருபது கிலோ அளவில் இருக்கும். இரண்டையும் தனித்தனியே தூக்கிச் சென்றால் மாடிப்படி ஏறுவது சிரமம் இல்லை. மோட்டார் இல்லை, மின்சாரம் வேண்டாம், கைப்பேசிச் செயலியும் வேண்டாம். கையால் தள்ளினால் நகரும்; விட்ட இடத்தில் நிற்கும்.

இந்த எளிமை தற்செயலாக வந்ததன்று. இதை உருவாக்கிய ஜான் டாப்சன் 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்து, 1944-இல் சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த மடாலயத்தில் துறவியாகச் சேர்ந்தவர். கையில் காசு இல்லாத அவர் கப்பல் சன்னல்களின் தடித்த வட்டக் கண்ணாடிகளைத் தேடிப் பிடித்துத் தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாயையும் பழைய மரப்பலகையையும் கொண்டு தொலைநோக்கி செய்து, அதைச் சக்கரங்களின் மேல் வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு போய் அக்கம்பக்கத்தவருக்கு வானத்தைக் காட்டினார். 1967-இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்த பின், மறு ஆண்டே நடைபாதை வானியலாளர்கள் என்ற குழு அவருடைய முன்னெடுப்பில் தொடங்கியது. 2014-இல் மறையும் வரை, வழிப்போக்கர்களை நிறுத்தி நிலவைக் காட்டுவதையே அவர் வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தார். தெருவில் வைத்து எவருக்கும் காட்டுவதற்காகப் பிறந்த கருவி இது என்பதை மனத்தில் கொண்டால், இதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது விளங்கும்.

முதல் இரவில் நான் பார்த்தது மிருகசீரிடத்துக்குக் கீழே உள்ள ஓரையன் நெபுலா என்னும் விண்முகிலை. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த படத்தில் அது செந்நிறமும் நீலமுமாக விரிந்திருந்தது. ஐபீஸில் சாம்பல் நிறப் புகைத்திட்டு ஒன்றுதான் தெரிந்தது. கண்ணின் நிறமறியும் செல்கள் அவ்வளவு மங்கலான ஒளியில் இயங்குவதில்லை என்பதைப் படித்து அறிந்திருந்தும், அன்று மனம் சோர்ந்தது உண்மை. பெட்டியில் நிழற்படத்தை அச்சிடுவோர், கண்ணால் பார்த்தால் எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு பென்சில் ஓவியத்தையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். எத்தனையோ தொலைநோக்கிகள் முதல் இரவோடு பரணுக்குப் போவதற்கு அந்தப் படங்களும் ஒரு காரணம்.

நான் பரணில் ஏற்றாமல், மாடி விளக்கையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்து மீண்டும் பார்த்தேன். புகைத்திட்டு இரு சிறகாக விரிந்தது. நேராக உற்று நோக்காமல் பார்வையைச் சற்று ஓரத்துக்குத் திருப்பியபோது, சிறகின் விளிம்பு இன்னும் தொலைவுக்கு நீண்டது. நடுவில் டிரபீசியம் எனப்படும் நான்கு விண்மீன்கள் ஊசி முனைகளாக நின்றன. அந்த நான்கோடு ஒட்டியிருக்கும் ஐந்தாவதையும் ஆறாவதையும் காண எனக்கு இரண்டு குளிர்காலங்கள் ஆயின. ஆடி முதல் நாளிலிருந்தே அவற்றின் ஒளியைக் கொண்டுவந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பிரித்தறிய என் கண்ணுக்குத்தான் அத்தனை நாள் தேவைப்பட்டது.

வில்லியம் ஹெர்ஷல் 1782-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பார்ப்பதும் பயின்று பெற வேண்டிய ஒரு கலை என்றும், தம் தொலைநோக்கியின் உயர்ந்த உருப்பெருக்கத்தில் வேறொருவரைப் பார்க்க வைப்பது பழகாதவரை ஆர்கன் இசைக்க வைப்பதற்கு ஒப்பானது என்றும் சொல்கிறார். அவர் இசைக் கலைஞராயிருந்து வானியலுக்கு வந்தவர். தம் ஆடிகளைத் தாமே தேய்த்தவர். ஓர் ஆடியைக் கையெடுக்காமல் பதினாறு மணி நேரம் மெருகேற்றிய நாளில், தங்கை கரோலின் அவருக்கு உணவை வாயில் ஊட்டியதாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1781 மார்ச் 13 அன்று பாத் நகரத்து வீட்டுத் தோட்டத்தில் அவர் யுரேனஸைக் கண்டது 6.2 அங்குல ஆடியில். அது உலோக ஆடி. இன்றைய அலுமினியப் பூச்சிட்ட கண்ணாடி ஆடியைவிடக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்பும். இக்கருவியில் யுரேனஸைத் தேடிப் பிடித்தபோதுதான் அந்தச் செய்தியின் கனம் எனக்குப் புரிந்தது. கார்த்திகைக்குத் தெற்கே, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்து தேடியும், 48 மடங்கில் அது மற்றொரு விண்மீனாகவே தோன்றியது. உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் பார்லோ வில்லை சேர்த்து 240 மடங்குக்குப் போன பிறகே பச்சை சாயல் கொண்ட சிறு வட்டாக விரிந்தது. முன்னறிவிப்பு ஏதுமின்றி, ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் புள்ளியாக இல்லை என்று ஒரு மனிதர் கவனித்திருக்கிறார். அவரும் முதலில் அதை வால்மீன் என்றே எண்ணினார், ஆனால் கவனித்தார். 1977 மார்ச் 10 அன்று, அதே யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த இரவில் அதன் வளையங்கள் வெளிப்பட்டன. அந்நிகழ்வைப் பதிவு செய்த கருவிகளில் நம் காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று.

கருவிக்குத் திரும்புகிறேன். ஒளியியல் தரத்தில் எனக்கு நிறைவு. வியாழனின் பட்டைகளும், பட்டையின் மேல் ஊர்ந்து செல்லும் துணைக்கோளின் கறுப்பு நிழலும், காற்று அமைதியாக இருக்கும் இரவில் பெருஞ்செந்திட்டும் தெளிவாகத் தெரிகின்றன. 2025 நவம்பரில் சனியின் வளையம் ஏறத்தாழ விளிம்பு காட்டி நின்றதால், மழைக்கு நடுவே கிடைத்த ஓர் இடைவெளியில், கோளைக் குறுக்கே துளைத்த ஊசி போல அதைக் கண்டேன். சித்திரையில் தெற்கு வானில் தோன்றும் ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்தைத் தோப்பிலிருந்து பார்ப்பது இக்கருவி தரும் காட்சிகளுள் தலையாயது. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அந்தக் கொத்து மதுரையில் முப்பது பாகைக்கு மேல் உயர்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. உப்பைச் சிந்தியது போல என்று சொல்வார்கள். எனக்கு அது ஈரக் கோலத்தின் மேல் மாவு உதிர்ந்ததைப் போலத் தோன்றியது. நடுவில் அடர்த்தி, விளிம்பில் ஒவ்வொரு துகளும் தனித்தனியே.

ஆனால் இவையெல்லாம் காற்று இடம் கொடுத்தால்தான். மொட்டை மாடியில் பார்ப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரை வெப்பத்தை உமிழ்கிறது. அந்த வெப்பம் குழாயின் வாய்க்கு முன்னால் எழும்பும்போது, வியாழன் ஓடை நீரடியில் கிடக்கும் காசைப் போல நெளிகிறது. முதல் பங்குனியில் ஆடியில் குறை என்று நினைத்து விற்றவருக்குப் புகார் எழுத உட்கார்ந்துவிட்டேன். அன்று நள்ளிரவுக்குப் பின் தற்செயலாக மீண்டும் பார்த்தபோது படம் நிலைத்து நின்றது, புகாரை அனுப்பவில்லை. இப்போதெல்லாம் பொழுது சாயும் நேரத்தில் தளத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, குழாயை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுகிறேன். இது ஓரளவுக்கே உதவும். தோப்பின் மண் தரையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அடுத்தது ஆடிகளை நேர்படுத்தும் வேலை, அதாவது கோலிமேஷன். லாரியில் வந்த கருவியின் ஆடிகள் நேராக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு வந்தது நன்றாகவே விலகியிருந்தது. முதன்மை ஆடியின் பின்னால் உள்ள திருகுகளைக் கையால் திருப்பலாம். குழாயின் வாய்ப்பக்கத்தில் ஒளியை ஐபீஸுக்குத் திருப்பும் துணை ஆடியின் மூன்று சிறு திருகுகளுக்கு ஆலன் சாவி வேண்டும். இந்த வேலைக்கென்று விற்கும் லேசர் கருவியை வாங்கியது என் தவறு. அந்த லேசரே அதன் உறைக்குள் கோணலாக இருந்ததால், அதை நம்பிச் சரிசெய்யச் சரிசெய்யப் படம் கெட்டது. நடுவில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் மூடியை, ஐபீஸைச் செருகும் ஃபோகஸரில் பொருத்தி அதன் வழியே பார்த்துச் சரிசெய்யும் பழைய முறையே போதும். முடிந்தபின் ஒரு பிரகாசமான விண்மீனைக் குவியத்திலிருந்து விலக்கிப் பார்த்தால், வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே மையத்தில் அமைய வேண்டும். முதல்முறை எனக்கு ஒரு மாலை முழுதும் பிடித்தது. இன்று ஐந்து நிமிடம்.

நம் ஊர் அமைந்துள்ள இடத்தால் இக்கருவிக்கு ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. நன்மை இது: துருவ விண்மீனை நோக்கி அமைக்க வேண்டிய தாங்கிகள் மதுரையில் பெரும் சோதனை, ஏனெனில் இங்கே துருவ விண்மீன் வெறும் பத்துப் பாகை உயரத்தில், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும். டாப்சோனியனுக்கு அந்தக் கவலையே இல்லை. வைத்த இடத்தில் பார்க்கத் தொடங்கலாம். தொல்லை, உச்சிவானம். குழாய் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும்போது பக்கவாட்டில் தள்ளப் பிடி கிடைக்காமல் அடித்தளத்தையே சுழற்ற நேர்கிறது. குளிர்நாடுகளில் தாழ்வாகத் தவழும் கோள்களும் ஓரையனும் நமக்குத் தலைக்கு மேலே வந்துவிடுவதால், மிக நல்ல காட்சிகள் மிக இடைஞ்சலான இடத்தில் அமைகின்றன. 2024 டிசம்பரிலும் 2026 ஜனவரியிலும் வியாழனை நள்ளிரவில் பார்ப்பதைத் தவிர்த்து, உச்சிக்கு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பார்த்துக்கொண்டேன். மோட்டார் இல்லாததால் 120 மடங்கில் ஒரு கோள் ஒன்றே முக்கால் நிமிடத்தில் காட்சிப்புலத்தைக் கடந்துவிடும். புதிதாகப் பார்க்க வருவோருக்கு அது இடைஞ்சலாக இருக்கும். பழகியபின் கை தானாகவே தள்ளுகிறது. பூமி சுழல்வதை இவ்வளவு நேரடியாக உணர்த்தும் பொருள் வேறொன்றை நான் கையாண்டதில்லை.

உடன் வந்தவற்றில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் நல்லது. 10 மில்லிமீட்டரில் விளிம்புக்கு அருகே விண்மீன்கள் சிதைகின்றன, விரைவில் மாற்ற வேண்டியிருக்கும். கார்த்திகைக் கூட்டம் 25 மில்லிமீட்டரில் முழுதாக அடங்காது. அதற்கு இரண்டு அங்குல வாய் கொண்ட 30 மில்லிமீட்டர் ஐபீஸ் ஒன்று தேவை, அந்தச் செலவு வீணாகாது. இலக்கைக் குறிபார்க்க உடன் வந்த ஃபைண்டரில் கழுத்தை முறுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்ததால், சிவப்புப் புள்ளி ஃபைண்டர் ஒன்றைப் பொருத்திவிட்டேன்.

மழைக்காலப் பராமரிப்பைப் பற்றி விற்பவர் எவரும் சொல்வதில்லை. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். அடித்தளம் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. முதல் ஐப்பசியிலேயே, ஒட்டுத்தாள் மூடாத அடிவிளிம்பு ஈரத்தை உறிஞ்சி ரொட்டித்துண்டு போல உப்பிவிட்டது. வாங்கிய அன்றே எல்லா வெட்டுவிளிம்புகளுக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துவிடுங்கள். எனக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். ஆடியின் பெரிய எதிரி பூஞ்சை. குழாயின் இரு முனைகளையும் மூடி உள்ளே சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வைக்கிறேன், மாதம் ஒருமுறை அவற்றை வெயிலில் உலர்த்துகிறேன். மூடாமல் விட்ட ஒரு வாரத்தில் பல்லி ஒன்று உள்ளே குடியேறி, முதன்மை ஆடியின் மேல் எச்சமிட்டிருந்தது. காய்ந்த துணியால் துடைத்திருந்தால் பூச்சு கீறியிருக்கும்; ஆடியைக் கழற்றி, மென்மையான சோப்புக் கரைசலில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரால் அலசி, செங்குத்தாகச் சாய்த்து உலரவிட்டேன். மார்கழிப் பனியில் துணை ஆடி வியர்க்கும். யோகா பாயை வெட்டிக் குழாயின் வாயில் நீட்டிச் சுற்றினால் அது பெரிதும் தடைபடும். குழந்தைகள் உள்ள வீட்டில், பகலில் மூடி கழற்றிய குழாயை ஒருபோதும் விட்டு வைக்காதீர்கள். குழாயின் முன்வாயை முழுதும் மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் இதன் வழியே சூரியனைப் பார்த்தால், ஒரு கணத்திலேயே பார்வை போய்விடும்.

பிறருக்குக் காட்டுவதற்கு இதைவிட ஏற்ற கருவி இல்லை என்பதற்கு ஒரே ஒரு மாலையைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு வைகாசியில், வடவானில் ஏழு முனிவர் கூட்டம் உயர்ந்திருந்த நேரத்தில், அம்மாவை மாடிக்கு அழைத்துச் சென்றேன். அம்மாவின் திருமணம் காலை முகூர்த்தத்தில் நடந்தது. புரோகிதர் மண்டபத்துக்கு வெளியே அழைத்துப் போய்ப் பகல் வானத்தைக் காட்டி, “அருந்ததி தெரிகிறதா?” என்று கேட்க, தெரிகிறது என்று தலையாட்டியதாகவும், அதன்பின் அந்த விண்மீனைத் தேடிப் பார்க்க வாய்க்கவே இல்லை என்றும் அம்மா சொன்னார். 25 மில்லிமீட்டர் ஐபீஸில் வசிட்டரும் அருந்ததியும் ஒரே புலத்தில் அடங்கி நின்றார்கள். அம்மா வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, “இங்கே மூன்று இருக்கிறதே, ஐயா?” என்று கேட்டார். அவர் சரியாகத்தான் பார்த்திருந்தார்: வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் வசிட்டர், தொலைநோக்கியில் நெருங்கி நிற்கும் இரண்டு விண்மீன்களாகப் பிரிகிறார். கலிலியோவும் அவருடைய மாணவர் கஸ்டெல்லியும் 1617-இல் கண்ட பிளவு அது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் எழுபத்து மூன்று வயதில் அம்மா அதைத் தாமே கண்டார். அதன் பிறகு அருந்ததிக்கும் வசிட்டருக்கும் நடுவே, சற்றுத் தள்ளி, மங்கலான இன்னொன்றும் இருப்பதாகச் சொன்னார். அதுவும் உண்மை, நான் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெபுலாக்களை நிழற்படம் எடுக்க விரும்புவோர் இதை வாங்க வேண்டாம். நிலவையும் கோள்களையும் கைப்பேசியில் ஓரளவு எடுக்கலாம், அவ்வளவுதான். பால்கனி மட்டுமே உள்ள அடுக்குமாடி வீட்டுக்கும், மின்தூக்கி இல்லாத நான்காம் மாடிக்கும் இது பொருத்தமன்று. அவர்கள் ஆறு அங்குலத்தைப் பார்க்கலாம், எடை குறைவு, இழப்பும் பெரிதில்லை. கார் வைத்திருப்போர் கவலைப்பட வேண்டாம். குழாய் பின் இருக்கையில் குறுக்காகப் படுத்துக்கொள்ளும். நகர விளக்குகளுக்கு நடுவே மட்டும் இதை வைத்திருந்தால் பாதிப் பயனே கிடைக்கும். தோப்பில் ஓர் அமாவாசை இரவு எனக்கு மாடியில் ஒரு மாதத்துக்கு ஈடு.

அந்தத் தோப்புக்கு நான் குறிப்பாக எடுத்துச் சென்ற தேடல் ஒன்று உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் நெடுங்காலம் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரி, 1867-இல் தென்வானத்தின் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலை என்று அதற்குப் பெயர். விண்மீன்களின் இடத்தை இரவுதோறும் அளந்து பதிவதே அவருடைய பணி. பட்டியலில் இருக்க வேண்டிய ஒளியோடு ஒரு விண்மீன் இல்லை என்பதை, அந்தச் சலிப்பூட்டும் பதிவுகளுக்கு நடுவே அவர் கண் பிடித்திருக்கிறது. மதுரைப் பக்கத்தில் அந்த விண்மீன் பதினேழு பாகைக்கு மேல் உயர்வதில்லை. தை மாத முன்னிரவில் சிறிது நேரமே கிடைக்கும். 2025 ஜனவரியில் மூன்று இரவுகள் தேடியும், அடிவானப் புகைமூட்டத்தில் இன்னதென்று உறுதி செய்ய முடியவில்லை. 2026 ஜனவரி அமாவாசையை ஒட்டி, மழை கழுவிய வானத்தில், வரைபடத்தில் குறித்திருந்த சிறு முக்கோணத்தைப் பிடித்து, அங்கிருந்து விண்மீன் விண்மீனாகத் தாவிச் சென்றபோது, சற்றே செம்மை படர்ந்த புள்ளி ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அருகிலிருந்த இரண்டு விண்மீன்களோடு ஒளியை ஒப்பிட்டு, நேரத்தையும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பெரியப்பா டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் சுற்றி எனக்காகப் பிடித்திருந்தார். அடுத்த மாதமும் அதே இரண்டு விண்மீன்களோடு ஒப்பிட வேண்டும். தென்கிழக்கு மூலையில் இருக்கும் தென்னையின் ஓலை மறைப்பதால், தொலைநோக்கியை வரப்பு ஓரமாக இன்னும் பத்தடி தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.